தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தும் அந்நியர்

நெல்லை மாவட்ட முகாம்களில் பிறந்து வளர்ந்த இலங்கைத் தமிழர்களைச் சட்டம் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’ என்கிறது. அந்நியரைச் சேர்த்துக்கொள் என்று வேதம் சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுறை பிறந்து, படித்து, கல்யாணமும் முடித்துவிட்டது.

2022 மார்ச் 22. தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் கடலுக்குள் கிடக்கும் மணல்திட்டுகளில் நான்காவது திட்டு. மரம் இல்லை, நிழல் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. அலை ஏறினால் திட்டு சுருங்கும். அங்கே ஆறு பேர் தவித்துக்கொண்டிருந்தார்கள். அதில் மூன்று பேர் குழந்தைகள். ஒன்று நான்கு மாதக் கைக்குழந்தை. இந்தியக் கரை வந்துவிட்டது என்று சொல்லிப் படகுக்காரர்கள் இரவோடு இரவாக இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

இந்தியக் கடலோரக் காவல் படையின் ஹோவர்கிராப்ட் அவர்களை மீட்டுக் கரை சேர்த்தது. தண்ணீரும் சாப்பாடும் கிடைத்தன. அடுத்து விசாரணை, பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டுக்குள் வந்ததாக வழக்கு, நீதிமன்றக் காவல். அன்றைக்கே இன்னொரு படகில் மேலும் 10 பேர் வந்தார்கள். அரிசியும் பால்மாவும் வாங்க முடியாத விலைக்குப் போன இலங்கையிலிருந்து வந்தவர்கள் அவர்கள். தமிழக அரசு தலையிட்ட பிறகு ஜாமீன் கிடைத்து மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் கோதண்டராமர் கோயில் பக்கத்துக் கரையில் ஒரு முதிய தம்பதி மயங்கிக் கிடந்தார்கள். மனைவி சில நாட்களில் மருத்துவமனையில் இறந்துபோனார்.

காப்பாற்றியது அரசாங்கத்தின் கை. வழக்குப் போட்டதும் அதே அரசாங்கத்தின் கை. இதில் யாரையும் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. கடலோரக் காவலர் தன் வேலையைச் செய்தார், காவல் ஆய்வாளரும் தன் வேலையைத்தான் செய்தார். கரை ஏறிய பிறகு அந்த நான்கு மாதக் குழந்தையின் வாழ்க்கை எந்தச் சட்டப்பிரிவின் கீழ் நடக்கும் என்பதற்குத்தான் இன்று வரை பதில் இல்லை.

மில் ஊருக்கு இதில் என்ன?

தனுஷ்கோடி எங்கே, பொதிகை மலை அடிவாரத்து விக்கிரமசிங்கபுரம் எங்கே என்று கேட்கலாம். ஆனால் தமிழ்நாட்டில் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான ஊர் குறைவு.

சிவஞான முனிவர் பிறந்த மண் என்பது இந்த ஊரின் பழைய பெருமை. இன்றைய ஊரை உருவாக்கியது 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்து அருவித் தண்ணீரின் வேகத்தை நம்பித் தொடங்கிய பஞ்சாலை. சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும், ஷிப்ட் மாறினால் கடைத்தெரு நிறையும். அந்த வேலைக்காகப் பல திக்கிலிருந்து வந்து தங்கியவர்களின் பேரன் பேத்திகள்தான் இன்று இங்கே ‘உள்ளூர்க்காரர்கள்’.

சிலோனும் இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் நெல்லைச் சீமைக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக்கொண்டு போனார்கள். கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகளை 1948-இல் சிலோன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பதே முக்கால் லட்சம் பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்றார்கள். 1974-இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாக்கினார்கள். எங்கே போக விருப்பம் என்று அந்த ஜனங்களிடம் ஒப்பந்தத்துக்கு முன்னால் யாரும் கேட்கவில்லை.

இதே மலையின் மேலே மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெறப்பட்ட எஸ்டேட். நாலு தலைமுறை கொழுந்து பறித்தவர்கள் 2024-இல் விருப்ப ஓய்வுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூட்டை முடிச்சோடு மணிமுத்தாறு, கல்லிடைக்குறிச்சி, அம்பை, விக்கிரமசிங்கபுரம் பக்கம் இறங்கினார்கள். இந்திய ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் கையில் வைத்திருந்தவர்களுக்கே இந்தக் கதி. பட்டா இல்லாத வீட்டை விட்டு இறங்குவது எப்படி இருக்கும் என்று இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆற்றோடு கிழக்கே போனால் கோபாலசமுத்திரம். அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உண்டு. இன்னும் போனால் நெல்லை மாநகரில் பெருமாள்புரம், தெற்கே சமூகரெங்கபுரம். ஊர்க்காரர்கள் வாயில் எல்லாமே ‘சிலோன் காலனி’தான். விக்கிரமசிங்கபுரத்திலோ அம்பையிலோ புது வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வருகிற பையனிடம் ஊரைக் கேட்டுப் பாருங்கள். பேச்சில் பாதி நெல்லை, பாதி மன்னார் இருக்கும். தமிழகம் முழுக்க முகாம் ஆண்கள் பெருவாரியாகப் பெயிண்டிங் வேலைக்குத்தான் போகிறார்கள். படித்தவர்களும் அதற்கே போகிறார்கள். அதற்கான காரணத்தைச் சட்டப் புத்தகத்தில்தான் தேட வேண்டும்.

முகாம் கணக்கு

■ 1983 முதல் தமிழகம் வந்த இலங்கைத் தமிழர்கள்: 3,04,269 பேர் (2021 ஆகஸ்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் தந்த கணக்கு).

■ அப்போது 108 முகாம்களில் இருந்தவர்கள்: 58,822 பேர். காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வெளியே வசித்தவர்கள்: 34,087 பேர்.

■ 2021 ஆகஸ்ட் 27: முதல்வர் மு.க.ஸ்டாலின் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தார். 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தருவது அதில் முக்கியமானது. ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரும் ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது.

■ மாத உதவித்தொகை: குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000 ரூபாய், குழந்தைகளுக்கு 500 ரூபாய்.

■ அகதிகள் குறித்த 1951-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை.

ரோல் கால் நாள்

முகாமில் மாதத்தின் மற்ற நாட்களுக்கு இல்லாத பரபரப்பு ரோல் கால் நாளில் இருக்கும். வருவாய் ஆய்வாளர் பதிவேட்டோடு உட்காருவார். முகாமைக் கண்காணிக்கும் கியூ பிரிவுப் போலீஸும் வரும். பெயர் கூப்பிடக் கூப்பிட ஆள் வந்து நிற்க வேண்டும். திருப்பூரில் வேலை பார்க்கிறவர் அன்றைக்குக் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருவார். பிரசவமாகிச் சில நாளே ஆன தாய்கூடத் தன் விஷயத்தை எடுத்துச் சொல்லியாக வேண்டும். தொடர்ந்து வராதவரின் பெயரை அடித்துவிட்டால் உதவித்தொகை நிற்கும், ரேஷன் நிற்கும், திரும்பப் பெயரைச் சேர்க்க அலைச்சல் தொடங்கும்.

ஒளிந்து வாழ்கிறவர்களைப் பிடிப்பதற்கான சட்டத்தை வைத்துக்கொண்டு, நாற்பது ஆண்டாகத் தவறாமல் ஆஜராகிறவர்களை அளக்கிறோம். இந்த நாட்டில் இவர்களைப் போல எண்ணப்பட்ட ஜனம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. கைரேகை, புகைப்படம், குடும்ப அட்டை, வெளியூர் போக அனுமதி என்று எல்லாமே அரசாங்கத்திடம் இருக்கிறது. இருந்தும் 2003-இல் திருத்தப்பட்ட குடியுரிமைச் சட்டப்படி இவர்கள் ‘சட்டவிரோதக் குடியேறிகள்’. செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இல்லாமல் உள்ளே வந்த வெளிநாட்டவர் எவரும் அந்த வரையறைக்குள் வந்துவிடுவார். குண்டுவீச்சுக்குத் தப்பி ஓடும்போது விசா வாங்க முடியுமா என்ற கேள்விக்கு அதில் இடம் விடப்படவில்லை.

விளைவு எங்கே இறங்குகிறது என்றால், 1983-லோ 1990-லோ படகேறியவர் மேல் மட்டும் இறங்குவதில்லை, அவருடைய பேரப்பிள்ளை மேலும் இறங்குகிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசித்த ஒரு பெண், இந்த விதியைக் காட்டி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் 2022-இல் பாஸ்போர்ட்டுக்கு உத்தரவு பெற்றார். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களித்தார். அவருக்குப் பின்னால் 1988-இல் முகாமில் ஒரு தம்பியோ தங்கையோ பிறந்திருந்தால், அதே தாய், அதே தகப்பன், அதே பத்தடிக் குடிசை என்றாலும் அந்தப் பிள்ளை அந்நியர்.

2004 டிசம்பர் 3-க்குப் பிறகு கதவு இன்னும் இறுகியது. அம்பாசமுத்திரத்துப் பெண் ஒருத்தி முகாமில் வளர்ந்த பையனை விரும்பிக் கல்யாணம் பண்ணுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் பிறந்தது, வளர்ந்தது, ஓட்டுப் போடுவது எல்லாம் இங்கேதான். அவளுக்குப் பிறக்கும் பிள்ளை பிறப்பால் இந்தியக் குடிமகனாக வேண்டுமென்றால் தகப்பன் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. தாய் இந்தியர் என்பது அந்தப் பிள்ளைக்குப் போதாது. அம்பை அரசு மருத்துவமனையில் பிறந்தாலும் போதாது.

படிப்பில் வந்து நிற்கிற வேதனை வேறு ரகம். 2016-இல் ஈரோடு மாவட்ட முகாம் மாணவி ஒருவர் பிளஸ் டூவில் 1,200-க்கு 1,100-ஐத் தாண்டிய மதிப்பெண் வாங்கியும் மருத்துவக் கலந்தாய்வுக்குள் நுழைய முடியாமல் போனது செய்தியானது. விண்ணப்பப் படிவத்தில் குடியுரிமை என்ற ஒரு வரிதான் தடை. பொறியியல், கலை அறிவியல் படிக்கலாம். படித்து முடித்தால் அரசு வேலைக்கு எழுத முடியாது. பாஸ்போர்ட் இல்லாததால் பெரிய நிறுவனங்களில் வெளிநாட்டு வாய்ப்புள்ள வேலைகளும் கைநழுவும். சொந்தப் பெயரில் சொத்து வாங்குவது சாதாரணமாக நடக்கிற காரியமில்லை. பட்டம் வாங்கிய பையன் கடைசியில் அப்பாவோடு பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறான். அவனுக்குப் பின்னால் எட்டாம் வகுப்பு படிக்கிற தம்பி இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். முகாம் பிள்ளைகள் பாதியில் படிப்பை விடுவதை ஒழுக்கக் குறைவு என்று பேசுகிறவர்கள் இந்த அண்ணனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

திரும்பிப் போகலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. போக விரும்புகிறவர்களும் முகாமில் இருக்கிறார்கள். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், இங்கே பிறந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு இலங்கைப் பிறப்புப் பதிவு பெற்றுத்தரப் பல ஆண்டுகள் உழைத்தது அதற்காகத்தான். ஆனால் 2025 மே மாதம், தமிழக முகாமிலிருந்து ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் வழியாக முறைப்படி யாழ்ப்பாணம் பலாலியில் போய் இறங்கிய 75 வயது முதியவர் ஒருவர், போர்க்காலத்தில் அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்ற பெயரில் அங்கே கைது செய்யப்பட்டார். கண்டனம் எழுந்த பிறகு விடுவித்தார்கள். வந்தபோது இங்கே குற்றம், போனபோது அங்கே குற்றம். இந்தச் செய்தி ஒரே நாளில் எல்லா முகாம்களுக்கும் பரவியது. கிளம்பத் தயாராக இருந்த எத்தனை பேர் மூட்டையைத் திரும்பப் பிரித்திருப்பார்கள்!

காக்கிச் சட்டையின் பக்கம்

சட்டத்தை அமல்படுத்துகிறவர்களின் வாதத்தை ஒதுக்கிவிட்டு இரக்கம் பேசுவது நேர்மையாகாது.

1991 மே 21-ஐத் தமிழகம் மறக்காது. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம்கள் மேல் விழுந்த சந்தேகத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. முகாமைக் கண்காணிக்கும் கியூ பிரிவின் வேலை அந்த வரலாற்றிலிருந்துதான் இறுகியது. அன்று எய்தவன் வேறு, நொந்த அம்புகள் ஏராளம். முகாம் பிள்ளைகளின் படிப்பு தடைப்பட்டது, 1993-இல் தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழையத் தடை வந்தது, விருப்பம் கேட்காமலே ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது.

இன்றைக்குப் போலீஸின் முன்னால் நிற்கிற பெரிய வேலை, ஆட்களைக் கள்ளத்தனமாகப் படகேற்றும் ஏஜென்டுகளைப் பிடிப்பது. 2021 ஜூனில் மங்களூரு போலீஸ் 38 இலங்கையரைப் பிடித்தது. கனடாவுக்கு அனுப்புவதாகச் சொல்லி ஏமாற்றப்பட்டுத் தமிழகக் கரை வழியாக அழைத்துவரப்பட்டவர்கள் அவர்கள். 2022 செப்டம்பரில் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் கொல்லத்தில் பிடிபட்டவர்களில் தமிழக முகாம்காரர்களும் இருந்தார்கள். நகையை விற்று, வட்டிக்கு வாங்கி, மீன்பிடிப் படகில் ஆஸ்திரேலியா போகலாம் என்று நம்புகிறவனைக் கடலில் இறங்குவதற்கு முன்னால் தடுக்கிற போலீஸ்காரர் அவன் உயிரைக் காப்பாற்றுகிறார். இதை நான் முழு மனதோடு சொல்கிறேன். ஏஜென்டைப் பிடிக்க வேண்டும், கடுமையாகத் தண்டிக்க வேண்டும்.

ஆனால் ஏஜென்டுக்குச் சரக்கு எங்கிருந்து கிடைக்கிறது? பாஸ்போர்ட் வாங்கவே முடியாத, எந்த விமானத்திலும் முறைப்படி ஏற முடியாத இளைஞர்கள் ஓரிடத்தில் சேர்ந்து இருப்பதுதான் அவனுடைய முதலீடு. அந்த இளைஞன் கையில் முறையான காகிதம் வந்த நாளில் ஏஜென்டின் கடை பாதி மூடிவிடும். போலீஸின் வேலையைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

திருச்சி சிறப்பு முகாம் இன்னொரு புண். வழக்கில் ஜாமீன் கிடைத்தவர்களும் தண்டனை முடிந்தவர்களும் வெளிநாட்டவர் என்ற காரணத்தால் அங்கே அடைக்கப்படுகிறார்கள். ராஜீவ் கொலை வழக்கில் 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் விடுவித்த சாந்தன், சிறையிலிருந்து அந்த முகாமுக்குத்தான் மாற்றப்பட்டார். தாயைப் பார்க்க ஊருக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டே இருந்தார். அனுப்புவதற்கான உத்தரவு வந்த சில நாளில், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் இறந்தார். அவர் செய்த குற்றம் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், விடுதலைக்குப் பிறகான அந்தப் பதினைந்து மாதத்துக்கு எந்தத் தீர்ப்பிலும் இடமில்லை.

2025 மே மாதம் இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கை விசாரித்தபோது, 140 கோடி ஜனத்தோடு திணறுகிற நாடு உலகத்து அகதிகளுக்கெல்லாம் சத்திரமாக முடியாது என்ற பொருளில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சொன்னது தலைப்புச் செய்தியானது. உலகத்துக்கெல்லாம் சத்திரம் திறக்கச் சொல்லி முகாம் மக்கள் கேட்கவில்லை. ஏற்கெனவே நாற்பது ஆண்டு வாசம் செய்த வீட்டில் தங்கள் பெயரை எழுதச் சொல்கிறார்கள். இந்த நாட்டுக்கு ஒரு லட்சம் பேர் கூடப்போவதில்லை, அவர்கள் ஏற்கெனவே இங்கேதான் இருக்கிறார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது?

■ 2019 ஜூன் 17: மலையக வம்சாவளியைச் சேர்ந்த 65 பேரின் வழக்கில், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க மத்திய அரசுக்கு மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் உத்தரவிட்டார். கண்காணிப்பிலேயே ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பது உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றும் தீர்ப்பு கண்டது.

■ 2019 டிசம்பர்: குடியுரிமைத் திருத்தச் சட்டம். ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் நாடுகளிலிருந்து 2014 இறுதிக்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களுக்கு வழி திறந்தது. இலங்கை சேர்க்கப்படவில்லை. விதிகள் 2024 மார்ச் 11 அன்று வந்தன.

■ 2025 செப்டம்பர் 1: குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் அமலுக்கு வந்தது. 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்கள் நீங்கின. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

■ அதோடு வந்த விலக்கு ஆணை: 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா விதிகளிலிருந்து விலக்கு.

இந்த விலக்கு ஆணையை வரவேற்க வேண்டும். நாற்பது ஆண்டில் முதல் தடவையாக, இவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்க வேண்டியதில்லை என்று டெல்லி எழுதித் தந்திருக்கிறது. ஆனால் ஜெயிலுக்குப் போகாமல் இருப்பது வேறு, குடிமகனாவது வேறு. முகாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதே ஆணையில் மற்ற மூன்று நாட்டுச் சிறுபான்மையினருக்கான கெடு 2024 டிசம்பர் 31 வரை நீள்கிறது, இலங்கைத் தமிழருக்கோ 2015 ஜனவரியோடு நிற்கிறது. மணல்திட்டில் நின்ற அந்த ஆறு பேரும் அந்தத் தேதிக்குப் பிறகு வந்தவர்கள். அன்று கைக்குழந்தையாக வந்த பிள்ளைக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது.

பவுல் காட்டிய குடியுரிமை

கிறிஸ்தவ இரக்கத்தை இந்த மாவட்டத்துக்கு யாரும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. 1799-இல், ஊரில் அடியும் உதையும் வாங்கி வீடிழந்த புதுக் கிறிஸ்தவர்கள் தங்க இடம் தேடி நிலம் வாங்கி அமைத்த குடியிருப்புதான் முதலூர். தமக்கென ஒரு துண்டு நிலமும் ஒரு கிணறும் இல்லாமல் நம்பிக்கையைக் காப்பாற்ற முடியாது என்று அவர்களை வழிநடத்திய தாவீது சுந்தரானந்தம் உணர்ந்திருந்தார். திருநெல்வேலித் திருச்சபை அகதிக் குடியிருப்பில் வளர்ந்த சபை. கடலுக்கு அந்தப் பக்கமும் அப்படித்தான். 1990-இல் போர் மீண்டும் மூண்டபோது ஆயிரக்கணக்கானோர் மடு மாதா கோயில் வளாகத்தில்தான் அடைக்கலம் புகுந்தார்கள். முகாம்களில் இருக்கிற மன்னார்க்காரர்களின் வீட்டுச் சுவரில் இன்றும் மடு மாதா படம் தொங்குவதை எவரும் பார்க்கலாம்.

இந்தியா வந்த பிறகும் துணை நின்றவர்களில் சபைக்காரர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். வியட்நாம் படகு மனிதர்களைப் பார்த்து மனம் கசிந்து இயேசு சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே 1980-இல் தொடங்கிய இயேசு சபை அகதிகள் பணி, தமிழக முகாம்களில் மாலைநேர வகுப்புகள் நடத்தி ஒரு தலைமுறையைக் கல்லூரி வாசலில் கொண்டுவந்து விட்டது. 1984-இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கிய எஸ்.சி.சந்திரஹாசன், கிறிஸ்தவராக வாழ்ந்து இந்துத் தமிழர்கள் ‘தந்தை’ என்று கொண்டாடிய செல்வநாயகத்தின் மகன். முகாமில் பெரும்பான்மையினர் இந்துக்கள். இந்தப் பணியை மதம் மாற்றும் வேலை என்று சந்தேகிக்கிறவர்கள், அந்த மாலை வகுப்பில் படித்து முன்னுக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்க்கட்டும்.

ஆனாலும் என் மனதில் ஒரு குறை இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக், மழைக்குப் போர்வை, ஜூன் மாதம் நோட்டுப் புத்தகம் என்பதோடு பல சபைகளின் இரக்கம் நின்றுவிடுகிறது. குடியுரிமை என்றதும் “அது அரசியல், அதிகாரங்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும்” என்று ரோமர் 13-ஆம் அதிகாரத்தைத் திறக்கிறார்கள்.

அந்த அதிகாரத்தை எழுதிய பவுலையே கேட்போம். அப்போஸ்தலர் நடபடிகள் 22-ஆம் அதிகாரத்தில் எருசலேமில் அவரைக் கட்டிப்போட்டு வாரினால் அடிக்கத் தயாராகிறார்கள். நான் ரோமக் குடிமகன், விசாரணையில்லாமல் என்னை அடிக்கச் சட்டம் உண்டா என்று அவர் கேட்கிறார். சேனாபதி பயந்துபோகிறான். தான் பெருந்தொகை கொடுத்து வாங்கிய குடியுரிமை இந்தக் கைதிக்குப் பிறப்பிலேயே இருக்கிறதென்று தெரிந்துகொண்டு, மறுநாள் கட்டவிழ்த்துவிடுகிறான். மூன்று அதிகாரம் தள்ளி, அதே குடியுரிமையைக் கொண்டு ராயனுக்கே மேல்முறையீடு செய்கிறார் பவுல். அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொன்ன மனிதருக்குக் குடியுரிமைக் காகிதத்தின் மதிப்பு நன்றாகத் தெரிந்திருந்தது. தன்னிடம் இருந்த அந்தப் பாதுகாப்பு இல்லாதவன் முதுகில் வாரடி விழும் என்பதும் தெரிந்திருந்தது. சட்டத்தை மதிப்பதும், சட்டத்தின் பாதுகாப்பைக் கேட்டு வாங்குவதும் அவருக்கு ஒரே காரியம்தான்.

இந்த விவாதம் அமெரிக்காவிலும் கொதிக்கிறது. 2025 தொடக்கத்தில் துணை அதிபர் ஜே.டி.வான்ஸ், அன்புக்கு வரிசை உண்டு, முதலில் குடும்பம், பிறகு அக்கம்பக்கம், பிறகு தேசம், அதன் பிறகே மற்றவர்கள் என்று பழைய இறையியலைத் துணைக்கு அழைத்தார். போப் பிரான்சிஸ் பிப்ரவரி 10 அன்று அமெரிக்க ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில் நல்ல சமாரியன் கதையைத் தியானிக்கச் சொன்னார். அந்தக் கடிதத்துக்குச் சில நாள் முன்புதான், பிப்ரவரி 5 அன்று, 104 இந்தியர்களைக் கைவிலங்கோடு ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். நாம் கொதித்தோம். நம் பிள்ளைகளைக் காகிதம் இல்லாதவர்கள் என்று ஒருவன் விலங்கிட்டால் நமக்கு வலிக்கிறது. வான்ஸ் சொன்ன வரிசைப்படியே பார்த்தாலும், ஒரே மொழி பேசி, ஒரே பள்ளியில் படித்து, ஒரே ஆற்றில் குளிக்கிறவன் நமக்கு அக்கம்பக்கத்தான்.

ஆஸ்திரேலியாவில் ஒரு மில் ஊர் மாதிரி

பிலோயலா என்பது குயின்ஸ்லாந்தில் இறைச்சி ஆலை உள்ள சின்ன ஊர். படகில் தனித்தனியாக வந்த இலங்கைத் தமிழர் இருவர் அங்கே குடும்பமாகி, இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தன. கணவர் அந்த ஆலையில் வேலை பார்த்தார். மனைவியோ அதற்கு முன்னால் தமிழகத்தில் அகதியாக இருந்தவர். 2018 மார்ச்சில் ஒரு விடிகாலை, தற்காலிக விசா முடிந்தது என்று அதிகாரிகள் வந்து குடும்பத்தையே தூக்கிப் போனார்கள். கிறிஸ்துமஸ் தீவில்கூட அடைத்து வைத்தார்கள். ஊர் விடவில்லை. பழமைவாதக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிற அந்த ஊர்க்காரர்கள் நான்கு ஆண்டுகள் கையெழுத்து வாங்கினார்கள், வழக்குக்குப் பணம் திரட்டினார்கள், எங்கள் ஆட்களைத் திருப்பிக் கொடு என்றார்கள். 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது, ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது.

அந்த ஊர் ஆஸ்திரேலியச் சட்டத்தை உடைக்கவில்லை. அமைச்சருக்கு இருக்கிற தனி அதிகாரத்தைப் பயன்படுத்தச் சொல்லி நச்சரித்தது, அவ்வளவுதான். விக்கிரமசிங்கபுரத்தையும் அம்பையையும் கோபாலசமுத்திரத்தையும் நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

பங்கு அலுவலகப் பீரோவில் இருப்பது

முகாமில் இருக்கிறவர்கள் எல்லோரும் ஒரே வகை இல்லை. ஒரு பகுதியினர் மலையகத் தமிழர்கள், அதாவது தாத்தாவோ அப்பாவோ இங்கிருந்து தேயிலைக்குப் போனவர்கள். 1977, 1983 கலவரங்களில் வடக்கே வவுனியாவுக்கும் மன்னாருக்கும் ஓடி, அங்கும் போர் துரத்தி, திரும்பப் பாட்டனாரின் கரைக்கே படகில் வந்து சேர்ந்தவர்கள். குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, தானோ பெற்றோரில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால் இந்திய வம்சாவளியினர் என்கிறது. 2019 மதுரைத் தீர்ப்பு இப்படிப்பட்டவர்களைப் பற்றியதுதான். சட்டவிரோதக் குடியேறி என்ற முத்திரையைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தோடு வம்சாவளியைக் காட்ட ஒரு காகிதமாவது வேண்டும். போரில் மூன்று தடவை வீடு எரிந்தவரிடம் அது எங்கே இருக்கும்?

அந்தக் காகிதத்தில் ஒரு பகுதி நெல்லைச் சீமையின் தேவாலயங்களில் இருக்க வாய்ப்புண்டு. அரசுப் பிறப்புப் பதிவு ஒழுங்காக நடக்காத காலத்தில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் தேதி போட்டு, பெற்றோர் பெயரும் ஊரும் எழுதி வைத்தவை கத்தோலிக்கப் பங்குகளும், இன்று சி.எஸ்.ஐ.யில் இருக்கிற சேகரங்களும். 1910-லும் 1930-லும் ஞானஸ்நானம் பெற்றுப் பிறகு கண்டிக்குப் போன குழந்தையின் பெயர், பழுப்பேறிய பதிவேட்டில் இன்னும் கிடக்கலாம். இந்துக் குடும்பங்களுக்கு இந்த வழி இல்லை. அவர்களுக்காகப் பழைய பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளைத் தேடலாம். இந்த மாவட்டத்தில் அந்தக் காலப் பள்ளிகளில் பல மிஷன் பள்ளிகள், பதிவேடுகளும் அவர்கள் வசம்தான்.

ஒவ்வொரு பங்கிலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் சட்டம் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். பெருமாள்புரம், கோபாலசமுத்திரம், சமூகரெங்கபுரம் முகாம்களில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, பாட்டனார் பெயர் என்ன, எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்டு எழுதி, பதிவேட்டோடு ஒப்பிட்டு, சான்றிதழ் எடுத்துக் கையெழுத்திட்டுத் தர ஒரு பங்குத் தந்தையோ சேகர குருவோ எந்த அதிகாரியிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டியவர் மாவட்ட ஆட்சியர். அவர் அலுவலகம் கொக்கிரகுளத்தில், ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. திங்கட்கிழமைதோறும் அங்கே மனு வாங்குகிறார்கள்.